கரும்பின் குலம் ஆய்ந்த அம்மையார்

தாம்பரத்திலிருந்து மதுரவாயல் வழியாகச் செல்லும் புறவழிச் சாலையில் நம் இளைஞர் பலர் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்குமாக நாள்தோறும் போய் வருகின்றனர். அச்சாலை அமைவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் வயல் ஆய்வுக்கூடத்தில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் செடிகளுக்கு நடுவே தங்கி ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். எளிய புடவை, எளிய உணவு, ஓயாத உழைப்பு. அவரைப் பார்ப்போர், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறிஞர்கள் மதித்துப் போற்றிய விஞ்ஞானி இவர் என்று எளிதில் அறிந்திருக்கமாட்டார்கள். அவர்தாம் தாவரவியல் மேதை டாக்டர் ஜானகி அம்மாள்.

அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். மலபாரில் தீயர் வகுப்பில் பிறந்தவர். நீதிபதி ஒருவரின் மகள். சேரியில் பிறந்து, பள்ளி வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட நம் பாட்டன்மார் பட்ட துன்பத்தை அவர் பட்டதில்லை என்பதை நேர்மையுடன் சொல்லவேண்டும். எனினும் அவர் பிறந்த வகுப்பும் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட வகுப்பே. பிறப்பைக் காட்டியும் பெண்மையைக் காட்டியும் எழுப்பப்பட்ட இரட்டைச் சுவரைக் கல்வியின் துணையால் கடந்தவர் அவர். அதனினும் மேலாக, தாவரங்களின் குலத்தையும் கலப்பையும் வாழ்நாள் முழுதும் ஆய்ந்தவர். அவ்வாய்வு நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஆதலின் அவர் வரலாறு இம்மலரில் இடம்பெறத் தக்கதாகும்.

பிறப்பும் சூழலும்

1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் ஜானகி அம்மாள் பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. வழக்குமன்றப் பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் தந்தையார் தோட்டம் வளர்ப்பதிலும் வட மலபாரின் பறவைகளைக் கண்டு குறிப்பெழுதுவதிலும் ஈடுபட்டார். செடியையும் பறவையையும் உற்று நோக்கும் பழக்கத்தை மகள் தந்தையிடமிருந்து பெற்றார்.

அந்நாளில் தலச்சேரியின் நிலை யாது? தீயர் மக்கள் உயர்சாதியாரின் கோயில்களுள் புக முடியாது. எனவே அவர்கள் தமக்கெனக் கோயில் எழுப்பினர். 1908ஆம் ஆண்டில் நாராயண குரு அவ்வூர் ஜகந்நாதர் கோயிலை நிறுவிக் குடமுழுக்குச் செய்தார். அப்போது ஜானகி பத்து வயதுச் சிறுமி. வழிபடவும் தனிக் கோயில் கட்டிக்கொள்ள வேண்டிய சமுதாயத்தில், வசதியும் பதவியும் இருந்தும் பிறப்பின் தடை நீங்கவில்லை.

கல்விப் பயணம்

தலச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த ஜானகி சென்னைக்கு வந்தார். பெண்களுக்கென 1914இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகப் பணியேற்றார். அவர் வயதுப் பெண்களுக்கு இளமையிலேயே திருமணம் செய்து முடிப்பதே வழக்கமாக இருந்தது. அவரோ மணவாழ்வை மேற்கொள்ளாமல் கல்வியையே வாழ்வாகக் கொண்டார்.

ஆசிய நாட்டுப் பெண்கள் உயர்கல்வி பெறுதற்பொருட்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்னும் ஒன்றை வழங்கி வந்தது. அது ஜானகி அம்மாளுக்குக் கிடைத்தது. 1924இல் அவர் அமெரிக்கா சென்றார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. தந்தை பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டார். ஈழவருக்கு இனமான வகுப்பில் பிறந்த ஒரு பெண், தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த அதே காலத்தில் கடல் கடந்து ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார் என்றால், அதற்கு வழி திறந்தது கல்வி உதவித்தொகையே. உதவித்தொகை என்பது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. அடைபட்ட திறமைக்குத் திறக்கப்படும் மதகு. நம் சங்கத்தார் நன்கொடை திரட்டும்போதெல்லாம் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதுகலைப் பட்டத்துடன் திரும்பிய அம்மையார் மீண்டும் மிச்சிகன் சென்று 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் திறந்துவிடப்பட்டது 1936இல்தான். ஆகவே கல்லூரியில் பேராசிரியர் நாற்காலி பெற்றவருக்கு அந்நகரத்துப் பெருங்கோயிலின் வாயில் அப்போது திறந்திருக்கவில்லை. அறிவு திறந்த கதவை ஆசாரம் திறக்கவில்லை.

கரும்பின் உடலமைப்பு

1934இல் அம்மையார் கோயமுத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். அவர் ஆற்றிய பணியை உணரவேண்டுமானால் கரும்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

பொங்கலன்று தாம்பரம் சந்தையில் கட்டுக் கட்டாக வந்திறங்கும் கரும்பை நாம் எல்லோரும் கடித்திருக்கிறோம். கரும்பு புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லும் மூங்கிலும் அதன் உறவுகளே. அதன் தண்டில் கணுக்களும் கணுவிடைகளும் மாறி மாறி அமைந்துள்ளன. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பருவும், வேர் தோன்றுதற்குரிய புள்ளிகள் வளையமாகவும் உள்ளன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மென்மையான சதைப்பகுதியில் சிறு சிறு நார்ப்புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். கடிக்கும்போது பல்லில் சிக்கும் நார் அதுவே. அந்நார்க்கற்றை ஒவ்வொன்றிலும் இருவகைக் குழாய்கள் உள்ளன. ஒன்று சைலம், மற்றொன்று புளோயம்.

சைலக் குழாய்கள் இறந்த உயிரணுக்களால் ஆனவை. உள்ளே வெற்றிடமான நுண்குழாய்கள். மண்ணிலுள்ள நீர் வேர்த்தூவிகளினுள் சவ்வூடு பரவலால் புகுந்து சைலத்தை அடைகிறது. ஆனால் ஆள் உயரத்திற்கும் மேலான தோகை வரை அந்நீர் ஏறுவது எப்படி? செடியினுள் இதயம்போல் ஏற்றம் இறைக்கும் உறுப்பு ஏதும் இல்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வெளியேறும் ஒவ்வொரு துளியும் தன்னோடு ஒட்டிய அடுத்த துளியை இழுக்கிறது. இவ்வாறு இலை முதல் வேர் வரை அறுபடாத நீர்ச்சரடு ஒன்று மேலே இழுக்கப்படுகிறது. இலையில் கதிரவன் ஒளியால் ஆக்கப்படும் சர்க்கரையோ புளோயத்தின் வழியே இறங்கித் தண்டின் சதைப்பகுதியில் சேமிக்கப்படுகிறது. அச்சேமிப்பே நாம் சுவைக்கும் சாறு.

கரும்பின் இருவகைப் பிறப்பு

உழவர் கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை. பருவுள்ள கரணைகளை நறுக்கி நடுகின்றனர். அப்பருவிலிருந்து முளைக்கும் கரும்பு தாயின் அச்சாகவே இருக்கும். தாய்க்கு ஒரு நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லையெனில் பிள்ளைக்கும் இராது. இம்முறையால் விளைச்சல் உண்டு, புதுமை இல்லை.

புதுமை பிறப்பது பூவில்தான். கரும்பு பூக்கும்போது தண்டின் உச்சியில் வெண்பட்டுக் குஞ்சம்போல் கதிர் எழுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு நுண்ணிய பூவிலும் மூன்று மகரந்தத்தாள்களும் இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் இருக்கும். காற்று கொணரும் மகரந்தத்தூள் சூல்முடியில் படிந்து, குழாயாக நீண்டு, சூலினுள் புகுந்து கருவுறச் செய்கிறது. அவ்வாறு உண்டாகும் விதை மிகச் சிறிது. ஆனால் அதனுள் தாய், தந்தை ஆகிய இரு வழிப் பண்புகளும் புதிதாய்க் கலந்து நிற்கின்றன. கோயமுத்தூரில் கரும்பு நன்கு பூக்கும் இயல்புடையது. 1912இல் கரும்பு நிலையம் அங்கு அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

கோயமுத்தூர்ப் பணி

தென்னாட்டில் பயிரான தடித்த கரும்பு சாறு மிக்கது, மென்மையானது. ஆங்கிலத்தில் அதனை உயர்குடிக் கரும்பு என்னும் பொருளமைந்த பெயராலேயே அழைத்தனர். ஆனால் வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் அது தாங்கவில்லை. அங்குப் பயிரான மெல்லிய கரும்போ விளைச்சல் குன்றியது. சர்க்கரைக்காக நம் நாடு ஜாவாத் தீவை எதிர்பார்த்திருந்தது.

இந்நிலையில் கோயமுத்தூர் அறிஞர்கள் பார்பரும் வெங்கட்ராமனும், ஆற்றங்கரையிலும் வயல் ஓரத்திலும் எவர் கவனிப்பும் இன்றி வளரும் நாணலை நாடினர். அதில் இனிப்பு மிகக் குறைவு, தண்டோ மெலிந்தது, உழவரும் அதனைக் களை என்றே பிடுங்கி எறிவர். ஆயின் வறட்சியையும் வெள்ளத்தையும் நோயையும் தாங்கும் உரம் அதனிடம் இருந்தது. உயர்குடிக் கரும்பைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு பிறந்த கோ. 205 என்னும் வகை 1918இல் பஞ்சாபில் வெளியிடப்பட்டது. அதுமுதல் கோயமுத்தூர்க் கரும்புகள் நாடெங்கும் பரவின, வெளிநாடுகளுக்கும் சென்றன.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் ஜானகி அம்மாளே என்று சிலர் எழுதுவதுண்டு. அது முழு உண்மையன்று. முதற் கலப்புகள் அவர் வருமுன்னரே நடந்தேறின. அக்கலப்பின் உள்ளே நிகழ்வது என்ன என்பதை நுண்ணோக்கியின் கீழ் ஆய்ந்து விளக்கியதும், கலப்பின் எல்லையை மேலும் விரித்ததுமே அவர் தொண்டு. அதுவே அவருக்குப் போதிய புகழாகும்.

ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. பண்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு செல்வன அவை. உயர்குடிக் கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்திற்கு இடம் வேறுபட்டு 40 முதல் 128 வரை உள்ளன. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் தொகையில் பாதியையே பிள்ளைக்குத் தருவர். கரும்பும் நாணலும் கூடும்போது தாய்க் கரும்பு பெரும்பாலும் தன் 80ஐயும் முழுமையாகத் தந்துவிடுகிறது என்பது அந்நாளைய ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்திய உண்மை. இத்தகைய கணக்குகளை அம்மையார் பொறுமையுடன் எண்ணி வகுத்தார். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும், கரும்புக்கும் மூங்கிலுக்கும் இடையே நிகழ்ந்த அரிய கலப்புகளையும் ஆராய்ந்து வெளியிட்டார். சர் சி. வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1935இல் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆயினும் பணியிடத்தில் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. தனித்து வாழும் பெண், அதனோடு பிற்பட்ட வகுப்பினர் என்னும் காரணங்களால் உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவருக்கு இணக்கமான சூழல் அமையவில்லை என்று அவர் வாழ்வை ஆய்ந்தோர் எழுதியுள்ளனர். செடியின் கலப்பைப் போற்றிய உலகம் மனிதரின் பிறப்பை மட்டும் மறக்க மறுத்தது.

குண்டு மழைக்கிடையே

1939இல் எடின்பரோவில் கூடிய அனைத்துலக மரபியல் மாநாட்டிற்கு அம்மையார் சென்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணிபுரிந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வதும், காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மீண்டும் ஆய்வில் அமர்வதும் அவர் வழக்கம் என உறவினர் நினைவுகூர்வர். அங்கு மரபியல் அறிஞர் டார்லிங்டனுடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். தாவரவியலார் பல்லாண்டு காலம் கைநூலாகக் கொண்ட தொகுப்பு அது.

பின்னர் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தின் உயிரணுவியலாராக 1951 வரை விளங்கினார். அங்குக் கால்ச்சிசின் என்னும் மருந்தைக் கொண்டு ஆய்வுகள் செய்தார். நம் நாட்டுக் கண்வலிக்கிழங்காகிய செங்காந்தளிலும் உள்ள பொருள் அது. பிரியவிருக்கும் உயிரணுவை அது பிரியவிடாமல் தடுக்கும். அதனால் குரோமோசோம்கள் இரட்டித்து ஒரே அறையில் தங்கும். அவ்வாறு இரட்டித்த செடியின் இலை தடித்தும் பூ பெருத்தும் விளங்குவதுண்டு. அம்மையார் இம்முறையில் ஆய்ந்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றளவும் ஜானகி அம்மாள் என்னும் பெயர் தாங்கி மலர்கிறது.

தாயகம் திரும்பல்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று அம்மையார் 1951இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலேயர் காலத்தில் நம் காட்டுச் செடிகளின் மாதிரிகள் பல அயல்நாட்டு நிலையங்களுக்குச் சென்று சேர்ந்தன. நம் மண்ணின் செடிகளை நம் மக்களே ஆராயும் நிலை வரவேண்டும் என அவர் பாடுபட்டார்.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றிய வரலாற்றை ஆராயப் பன்னாட்டு அறிஞர் கூடினர். அழைக்கப்பட்டோருள் பெண் அவர் ஒருவரே. இந்தியச் சிற்றூர் மக்களும் பழங்குடியினரும் தம் தேவைக்கு விளைத்து வாழும் பொருளியல் முறையைப் பற்றி அவர் உரையாற்றினார். அரிய தாவர அறிவு எழுத்தறியா மக்களிடமும் உண்டு என்பதை அறிந்து மதித்தவர் அவர். மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. இந்திய அரசு 1977இல் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

மதுரவாயலில் இறுதி ஆண்டுகள்

ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணியாற்றிய பின்னர், 1970இல் அம்மையார் சென்னைக்கு வந்து, தகைசால் விஞ்ஞானியாகப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தில் அமர்ந்தார். மதுரவாயல் வயல் ஆய்வுக்கூடமே அவர் வீடாயிற்று. ஓய்வு பெறும் வயதைக் கடந்தும் மருந்துச் செடிகளை ஆராய்ந்தார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டபோது, அக்காடு மூழ்கிவிடலாகாது என்று குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியையும் அம்முதிய வயதில் மேற்கொண்டார். 1984 பிப்ரவரியில், தம் 86ஆம் வயதில், மதுரவாயலில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

நாம் கொள்ளவேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர் கொள்ளவேண்டுவன யாவை?

முதலாவது, பிறப்பைப் பற்றிய பொய்களை அறிவியலின் துணைகொண்டு ஆராய்தல். அம்மையார் கோயமுத்தூரில் கரும்பை ஆய்ந்துகொண்டிருந்த நாளில்தான், 1936இல், அண்ணல் அம்பேத்கர் சாதி ஒழிப்பு என்னும் நூலை வெளியிட்டார். சாதி என்பது இரத்த வேறுபாட்டின் அடிப்படையில் அமைந்ததன்று என்று அதில் நிறுவினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1956இல், மனித உயிரணுவிலுள்ள குரோமோசோம்கள் 46 என்பது உறுதியாயிற்று. அக்கிரகாரத்தில் பிறந்தவர்க்கும் சேரியில் பிறந்தவர்க்கும் அதே 46தான். கரும்பும் நாணலும் எண்ணிக்கையால் வேறுபட்டவை. மனிதருக்குள்ளோ அவ்வேறுபாடும் இல்லை. ஆதலின் செடிகளின் கதையை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறவாதிருப்போம்: தூய்மை, தூய்மை என்று ஒதுங்கி நின்ற கரும்பு வட நாட்டில் நிலைக்கவில்லை, களை என்று ஒதுக்கப்பட்ட நாணலே அதற்கு உயிர் கொடுத்தது. நாம் கலக்கும் தேநீரின் சர்க்கரையிலும் அந்நாணலின் பங்கு உண்டு.

இரண்டாவது, பெண் கல்வி. ஜானகி அம்மாளை உருவாக்கியவை ஒரு தந்தையின் தோட்டமும், மூன்று கல்லூரிகளும், ஓர் உதவித்தொகையுமே. பரங்கிமலையில் பிறந்த எம். சி. இராஜாவும் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கப் போராடினர். திறந்த கதவின் வழியே நம் பெண்மக்கள் ஆய்வுக்கூடம் வரை செல்லவேண்டும். பத்தாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தும் பெற்றோர், ஒரு விதையை முளைக்குமுன் கிள்ளுகின்றனர் என்பதை உணரவேண்டும்.

மூன்றாவது, அறிவியல் தொலைவில் இல்லை என்பது. தாம்பரத்தில் 1937இல் குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் இன்று நிற்கும் மரங்கள் பலவற்றை வளர்க்கப் பாடுபட்ட எட்வர்ட் பார்ன்ஸ், வேதியியல் பேராசிரியர். தாவரவியல் அவர் தாமே கற்றுக்கொண்டது. ஒரு கைக்கண்ணாடியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் நம் ஏரிக்கரை நாணலிலும் வேலியோரச் செடியிலும் ஆய்வைத் தொடங்கலாம். இவ்வாண்டு பொங்கலன்று கரும்பை வாங்கிக் கடிக்குமுன், ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கணுவையும் பருவையும் நாரையும் தம்பி தங்கையருக்குக் காட்டுங்கள்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பிள்ளைகளுள் ஒரு பெண் நாளை தாவரவியல் அறிஞராகித் தன் ஆய்வுக்கூடக் கதவைத் திறப்பாளாயின், மதுரவாயலில் மறைந்த அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான நினைவஞ்சலி அதுவேயாகும்.